நுரைக்குக் கீழே

ஜூலை 12

சர்க்கரை அளவைத் தினமும் எழுதி வைக்கச் சொன்னார்கள். இந்த டைரி உரக்கடையில் சும்மா கொடுத்தது. ஒரு பக்கத்தில் ஒரு எண்ணை மட்டும் எழுதினால் மீதித் தாள் வீணாகிவிடும், எனக்கு வீணாக்கிப் பழக்கமில்லை. அதனால் மற்றதையும் எழுதுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை, படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

பெயர் உலகம்மாள். ஊர் தூத்துக்குடி. சொந்த ஆட்டோ. எங்கள் ஸ்டாண்டில் நான் ஒருத்திதான் பெண்பிள்ளை. அந்த இடத்தை வாங்க நான் போட்ட சண்டையை எழுத இந்த டைரி போதாது.

காலையில் பாத்திரம், வாசல், அப்புறம் வண்டி. வண்டியைத் துடைத்து முடித்தால் மீட்டர் கண்ணாடியில் தலை வாரலாம். ஏறுகிறவர்கள் முதலில் சொல்வதே "வண்டிய நல்லா சுத்தமா வச்சிருக்கீய" என்பதுதான். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் ஹேண்டிலைப் பிடிப்பேன். எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் அப்படித்தான். சோறு போடுகிற இடத்தில் செருப்புக் காலை வைப்பார்களா? தவிர, பிரேக்கின் குணம் வெறுங்காலுக்குத்தான் தெரியும்.

கடைசியாகக் கால். வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே ஒரு கால் ஆணி இருந்தது. அது உடைந்து சின்னப் புண்ணாகியிருக்கிறது. வலியே இல்லை. மருந்துக்கடையில் வாங்கிய பெராக்சைடை ஊற்றினேன். புஸ்ஸென்று வெள்ளையாக நுரைத்தது. அழுக்கு கிளம்பி வருவதைக் கண்ணால் பார்ப்பதில் ஒரு திருப்தி இருக்கிறது. பழைய பல் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்தேன்.

சர்க்கரை: பார்க்க நேரமில்லை.

ஜூலை 14

பைபாஸில் ஆடு ஒன்று குறுக்கே வந்தது. வண்டி கொஞ்சம் தள்ளித்தான் நின்றது. ஆட்டுக்கு ஒன்றுமில்லை, ஆட்டுக்காரன்தான் கத்தினான். எட்வினிடம் வண்டியை விட்டேன். கழற்றிப் பார்த்துவிட்டு, "பிரேக் புதுசு மாதிரி இருக்குக்கா" என்றான். நல்ல மெக்கானிக் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

காலையும் மாலையும் கால் கழுவியாயிற்று. நல்ல நுரை.

சர்க்கரை: சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

ஜூலை 19

தம்பி மந்திரமூர்த்தி கூப்பிட்டான் என்று மாடி வைத்த தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயரை எழுத விருப்பமில்லை. அங்கிருந்த சர்ஜன் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. "பெருவிரலோட முன்பாதத்துல கொஞ்சம் எடுத்துரலாம். விட்டா மேல ஏறிரும்" என்றார். கறிக்கடையில் சொல்வதைப் போலச் சொன்னார். ஆட்டோ ஓட்டலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் இனிமே எதுக்கும்மா" என்றார்.

தம்பி உடனே தலையை ஆட்டினான். அவன் தலை எதற்கும் ஆடும்.

"எங்கால எடுக்குறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும் சார். நான் தரலன்னு சொல்லுதேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். படியில் இறங்கும்போது தம்பி பின்னாலேயே வந்தான்.

"யக்கா, அடம் புடிக்காத. உயிரு பெருசா, வண்டி பெருசா?"

"ரெண்டும் எனக்குத்தானல இருக்கு. ஒனக்கு என்ன?"

வண்டியை விற்றுவிட்டு அவன் வீட்டு மாடியில் வந்து இருக்க வேண்டுமாம். அவன் வீட்டுக் குளியலறையை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதற்குக் காலையே கொடுத்துவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் கூடுதலாகக் கழுவினேன்.

ஜூலை 22

அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் கால் புண்ணுக்கென்று தனியாக ஒரு அறை இருக்கிறது என்று பயணி ஒருவர் சொன்னார். போனேன். டாக்டர் நஸீமா. காயல்பட்டினத்துப் பெண், வயது முப்பதுக்குள்தான் இருக்கும். உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. நல்லவேளை, கழுவிவிட்டுத்தான் போயிருந்தேன்.

கணுக்காலில் நாடி பார்த்தார், நன்றாக ஓடுகிறதாம். எக்ஸ்ரே எடுத்தார், எலும்பில் சீழ் இறங்கவில்லையாம். பிறகு என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நைலான் நரம்பு ஒன்றால் பாதத்தைத் தொடுவேன், தெரிந்தால் சொல்லுங்கள் என்றார்.

"தெரியுது" என்றேன். கொஞ்சம் கழித்து, "இப்பவும் தெரியுது."

"அம்மா, நான் இன்னும் தொடவே இல்ல" என்றார்.

அந்த அறையில் ஃபேன் சத்தம் அதிகம். அதில் எப்படிக் கவனிக்க முடியும்?

தடித்த தோலைக் கத்தியால் சீவி எடுத்தார். இன்சுலின் எழுதினார். காலை ஊன்றக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்றார். "ஆனா காலக் காப்பாத்தலாம்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் சொன்ன மற்ற இரண்டில் ஒன்றையாவது கேட்கலாம் என்றிருக்கிறேன்.

ஜூலை 27

மாதா கோயில் திருவிழா. ஊர் முழுக்கக் கூட்டம். இந்தக் கூட்டத்தில் வண்டியை வீட்டில் பூட்டி வைக்கிறவள் பைத்தியக்காரி. அரை நாள் மட்டும் ஓட்டினேன், அதுவும் கிட்டத்துச் சவாரியாகப் பார்த்து.

சிக்னலில் நிறுத்தும்போது பின்னால் இருந்த கல்லூரிப் பெண் முன்கம்பியில் முட்டிக்கொண்டாள். "பாத்துப் போங்க ஆன்ட்டி" என்றாள். எட்வினிடம் மறுபடியும் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 3

புண் பெரிதாகியிருக்கிறது. டாக்டரம்மா ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, பழைய அளவைப் பார்த்தார். மறுபடியும் அளந்தார்.

"சர்க்கரை குறைஞ்சிருக்கு. சீழ் இல்ல. ரத்த ஓட்டம் இருக்கு. பின்ன ஏன் மூட மாட்டேங்குது?" என்று என்னிடம் கேட்கவில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

எனக்கும் புரியவில்லை. இவ்வளவு சுத்தமாக யார் வைத்துக்கொள்வார்கள்? இனிமேல் மூன்று வேளை கழுவப் போகிறேன்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அடிக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 6

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசல் பக்கம் ஒரு பெண் கைகாட்டினார். முக்காடும் பையுமாக ஏறி உட்கார்ந்தார். "ஸ்கூட்டர் பஞ்சர், சிதம்பரநகர் போங்க" என்ற பிறகுதான் குரல் தெரிந்தது. நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். அவர் அதே கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொன்னேன்லாம்மா?"

"என் வண்டில நீங்க ஏறுவீயன்னு நான் கண்டேனா, டாக்டரம்மா?"

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், முன்கண்ணாடிக்குக் கீழே நான் துடைக்கிற துணி வைக்கும் தட்டைக் காட்டினார். "அது என்ன பாட்டில்?"

பெராக்சைடு. பக்கத்தில் பல் பிரஷ். எனக்குப் பெருமையாக இருந்தது. காலையில் ஒருமுறை, மத்தியானம் வண்டியிலேயே ஒருமுறை, மாலையில் ஒருமுறை, நுரை அடங்கும்வரை ஊற்றித் தேய்ப்பதைச் சொன்னேன். மேலே ஒரு மஞ்சள் வழவழப்பு வந்து மூடும், அதை விடாமல் துணியால் எடுத்துவிடுவேன் என்றும் சொன்னேன்.

"வண்டிய நிறுத்துங்க" என்றார்.

வாகை மர நிழலில் நிறுத்தினேன். இறங்கி முன்னால் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். நாற்காலி இல்லாத இடத்தில் களைத்துப்போனவர் போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இத ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சர்க்கரையக் கேட்டீய, சொன்னேன். சுத்தத்தக் கேக்கலையே."

"நுரைக்குறது அழுக்கு இல்லம்மா. ரத்தம் பட்டாலே அது நுரைக்கும். நல்ல சதை பட்டாலும் நுரைக்கும். கிருமியோட சேத்து, ஒங்க ஆளுங்களையும் கொல்லுது."

"எந்த ஆளுங்க?"

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உடம்பில் ஒரு புண் வந்தால் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் அங்கே ஓடிவருமாம். முதலில் வருகிறவை கிருமியோடு மல்லுக்கட்டி அங்கேயே செத்துப்போகும். அதற்குப் பின்னால் பெரிய அணுக்கள் வரும். மேக்ரோபேஜ் என்று பெயராம். செத்த சதை, செத்த கிருமி, செத்துப்போன தன் கூட்டாளி, எல்லாவற்றையும் விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்வது அவற்றின் வேலை.

"சாப்பாட்டு ராமன்னு சொல்லுங்க" என்றேன்.

"சாப்புடுறதோட நிக்காதும்மா. சுத்தம் பண்ணி முடிச்சதும் அதே ஆளு குணம் மாறும். சண்டைக்கு வந்தவன் கொத்தனாரா மாறுற மாதிரி. புது ரத்தக் குழாய் வரச் சொல்லும், புதுச் சதைக்கு ஆளக் கூப்பிடும், தோல இழுத்து மூடச் சொல்லும். சர்க்கரை கூடினவங்களுக்கு அந்த மாற்றம் வர நாளாகும். சண்டைக் குணத்துலயே நின்னுரும். அதுக்குத்தான் இன்சுலின். அது பைய மாற ஆரம்பிச்சிருக்கும். நீங்க தினமும் காலைல பாட்டிலோட போயி..." என்று நிறுத்திக்கொண்டார்.

"அப்ப அந்த மஞ்சளா வழவழன்னு வாரது?"

"அதுல செத்ததும் உண்டு, கட்டுற சாமானும் உண்டு. எதை எடுக்கணும், எதை விடணும்னு நான் பாத்துச் சொல்லணும். பிரஷ் போடக் கூடாது."

சுத்தத்தில் என்னை இதுவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. பாட்டிலை எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டேன். சிதம்பரநகரில் இறக்கிவிட்டபோது காசு வாங்க மாட்டேன் என்றேன். கையில் திணித்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 7

கழுவவில்லை. கை நமநமவென்கிறது. ஜன்னல் கம்பிகளைத் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 9

மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள். எலும்பு முறியாத காலுக்கு மாவுக்கட்டு. பாதத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை. பாரம் புண்ணில் இறங்காமல் கால் முழுக்கப் பிரிந்துபோக வேண்டுமாம். டாக்டரம்மா வேறொரு காரணமும் சொன்னார்: "ஒங்க கை உள்ள போகக் கூடாது. எனக்கு ஒங்க கைதான் பயம்."

வாரத்துக்கு ஒருமுறை அவரே பிரித்துப் பார்த்து மறுபடி போடுவார். அதுவரை உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. சமைக்கிற பாத்திரத்தைத் திறந்து பார்க்காமல் சமைக்கச் சொல்வதைப் போன்றது இது.

ஆக, நான் வீட்டில். வண்டி வாசலில், தார்ப்பாய்க்குள்.

ஆகஸ்ட் 12

லிங்கதுரை வந்தான். ஸ்டாண்டுச் செயலாளர். ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான், சர்க்கரைக்காரிக்கு.

சுற்றி வளைத்துப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தான். எங்கள் ஸ்டாண்டில் ஒரு முறை உண்டு. ஆயுத பூஜையன்று வரிசையில் நிற்கிற வண்டிகளுக்குத்தான் அடுத்த ஒரு வருஷத்துக்கு இடம். வண்டிக்காரர் தானே ஓட்டிவந்து நிறுத்த வேண்டும். வேறு கை ஓட்டிவந்தால் செல்லாது.

"ஒனக்கு முடியலன்னா சொல்லிரு யக்கா. எம்மச்சினன் வண்டி ஒண்ணு எடமில்லாம அலையுது."

"எடமில்லாம அலையட்டும்."

"யக்கா, பைபாஸ்ல நீ ஆட்டு மேல ஏத்தப் பாத்தன்னு பேசிக்கிடுதாங்க. பிரேக்கு காலுக்கே எட்ட மாட்டேங்குதாம்லா ஒனக்கு. நான் நம்பல."

"நம்பாதவன் எதுக்கு ஆப்பிளோட வந்த? ஆயுத பூஜையன்னைக்கு என் வண்டி அங்கன நிக்கும். நான்தான் கொண்டுவந்து நிறுத்துவேன். போயி ஒம்மச்சினங்கிட்ட சொல்லு."

அவன் போன பிறகு ஆப்பிள்களை அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தரையைத் துடைத்தேன். உட்கார்ந்தபடியே துடைக்கலாம்.

ஆகஸ்ட் 16

கட்டைப் பிரித்தார்கள். வாடை வந்தது. எனக்கு மானமே போய்விட்டது. "இது கெட்ட வாடை இல்லம்மா, மூடி வச்ச வாடை" என்றார் டாக்டரம்மா. செத்த தோலை மட்டும் கவனமாக எடுத்தார். புண் ஈரமாக, சிவப்பாக இருந்தது. மேலே அந்த வழவழப்பு. என் கை தானாக நீண்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், நர்ஸ் மருந்து வைத்து முடிக்கும்வரை விடவில்லை.

புண்ணின் அளவு கூடவில்லை. குறையவும் இல்லை. கூடாமலிருப்பது இதுதான் முதல் தடவை.

சர்க்கரை: 188. முதல்முறையாக எண்ணை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 25

தம்பி ஒரு ஆளைக் கூட்டிவந்தான். என்னைக் கேட்கவில்லை. பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் தார்ப்பாய் விலகிக் கிடக்கிறது. அந்த ஆள் செருப்புக் காலோடு என் சீட்டில் உட்கார்ந்து ஹேண்டிலைத் திருகிப் பார்க்கிறான்.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். "செருப்ப கழத்து" என்றேன். அவன் தம்பியைப் பார்த்தான். "கழத்திட்டு எறங்கு. எறங்கிட்டு அப்படியே போ."

"யக்கா, வெல பேசத்தான் கூட்டியாந்தேன். கால் போயிட்டா அப்புறம் வண்டி துருப்புடிச்சுத்தான் போகும்" என்றான் தம்பி.

"எங்கால் போகும்னு ஒனக்கு யாருல சொன்னா? உள்ள ஆளு வேல செய்யுது. வேல நடக்குற எடத்துல வந்து வெல பேசாத."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். சர்க்கரை தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பான். அவனுக்கு என் மேல் பாசம் இல்லாமல் இல்லை. அவன் பாசத்துக்கு நான் படுத்துக் கிடந்தால்தான் வசதியாக இருக்கும்.

அந்த ஆள் கால் வைத்த இடத்தைத் துடைத்தேன்.

செப்டம்பர் 1

குறைந்திருக்கிறது. டாக்டரம்மா ஸ்கேலை என்னிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன்.

செப்டம்பர் 8

இன்று டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்டேன். புண் ஆறிய பிறகு அந்த ஆட்கள் எங்கே போவார்கள்?

"பாதிப்பேரு முடிஞ்சிருவாங்க. ஆனா புண்ணுக்கு வாரவங்க மட்டும்தான் இருக்காங்கன்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு உறுப்புலயும் அந்தந்த எடத்துக்குன்னே குடியிருக்குறவங்க உண்டு. நோயே இல்லாட்டியும் வேல பாப்பாங்க. ஈரல்ல கிழடு தட்டுன ரத்த அணுவ தூக்குவாங்க. மூளையில தனி, இதயத்துல தனி. ஒங்க நுரையீரல்ல மட்டும் எத்தன பேரு இருப்பாங்க தெரியுமா, நீங்க துறைமுகம் ரோட்டுல ஓட்டுற ஓட்டத்துக்கு?"

வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரிக்குப் பின்னால் ஒரு சவாரி போய் வந்தால் வண்டிக் கண்ணாடியைத் துணி கறுக்கும்வரை துடைப்பேன். அதே தூசியை மூச்சிலும் இழுத்திருக்கிறேன். அதைத் துடைத்தது யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நான் கேட்காமல், நான் பார்க்காமல், நான் தூங்கும்போதும் எனக்குள்ளே என்னைவிடச் சுத்தக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் தலையில்தான் பாட்டிலைக் கவிழ்த்திருக்கிறேன்.

அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு அரிசி களைந்தேன்.

சர்க்கரை: 149.

செப்டம்பர் 15

ஓரத்திலிருந்து ரோஸ் நிறத்தில் தோல் உள்நோக்கி வருகிறது. பிறந்த பிள்ளையின் உதடு நிறம். அதைத் தொட வேண்டும் போலிருந்தது. தொடவில்லை. என் கையை நானே பிடித்துக்கொண்டேன், டாக்டரம்மா பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 22

புண் ஒரு மிளகளவுக்கு வந்துவிட்டது. "மூடுனதும் தொடு உணர்ச்சி வந்துரும்லா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா ஸ்கேலைக் கீழே வைத்தார். "தோல் வரும்மா. சதை வரும். ஆனா பாதத்துல போன உணர்ச்சி திரும்பி வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

வீடு வந்து வெகுநேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதித்தான் ஆக வேண்டும். பிரேக்கில் கோளாறு எதுவும் இல்லை. எட்வின் சொன்னது சரி. ஆடு குறுக்கே வந்த அன்று என் கால் பிரேக்கின் மேல் இருப்பதாக நினைத்தேன். அது பிரேக்குக்குப் பக்கத்தில் இருந்தது. கல்லூரிப் பெண் முட்டிக்கொண்ட அன்றும் அப்படித்தான். லிங்கதுரை சொன்னதும் உண்மைதான். அவன் சொன்னான் என்பதற்காகவே அது பொய்யாக இருக்க வேண்டும் என்று இத்தனை நாள் பிடிவாதம் பிடித்தேன்.

ஆட்டுக்குப் பதில் ஒரு பிள்ளை வந்திருந்தால்?

அதற்காக வண்டியை விட்டுவிடவா? காலைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு மந்திரமூர்த்தி மாடியில் உட்காரவா? உள்ளே இருப்பவர்கள் இவ்வளவு பாடுபட்டது அதற்கா? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

எட்வினுக்குப் போன் போட்டேன். "ஏலே, கால் ஊனமானவங்க வண்டியில கையில பிரேக் வைப்பாங்கல்லா, அத என் வண்டிக்கு வைக்க முடியுமா?"

"முடியும்க்கா. ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டி எழுதி வாங்கணும்."

"வாங்குவோம். எம்பிரேக்கு மேல பழி போட்டதுக்கு மன்னிச்சிக்கோ."

நான் மன்னிப்புக் கேட்டு அவன் கேட்டதில்லை.

அக்டோபர் 1

மூடிவிட்டது.

டாக்டரம்மா விரலால் தடவிப் பார்த்தார். நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என் காலை மடியில் வைத்தபடியே கண்டிஷன்களைச் சொன்னார். ஆறின இடம் மறுபடி உடையலாம். தினமும் இரண்டு பாதத்தையும் பார்க்க வேண்டும். புறங்கையால் தொட்டு, ஒன்றைவிட ஒன்று சூடாக இருந்தால் உடனே வர வேண்டும். மெத்தென்ற தனி அட்டை போட்டுத் தைத்த செருப்பை எப்போதும் போட வேண்டும். வீட்டுக்குள்ளும்.

"வண்டிக்குள்ள?"

"வண்டிக்குள்ளதான் முக்கியமா. இஞ்சின் சூட்டுல வெறுங்கால் வைக்கவே கூடாது."

பெராக்சைடைக் கொடுக்கும்போதுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை.

அக்டோபர் 8

அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். எட்வின் மாட்டிய கைப்பிரேக்கை லைசன்ஸிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். கைக்கு எல்லாம் தெரிகிறது. எவ்வளவு இழுத்தால் எங்கே நிற்கும் என்று விரல் சொல்லுகிறது. செருப்புப் போட்ட கால் பாட்டுக்குச் சும்மா இருக்கிறது.

செருப்போடு ஓட்டினேன். ஸ்டாண்டு ஆட்கள் யாரும் பார்க்கவில்லை.

அக்டோபர் 11, ஆயுத பூஜை

வண்டிக்கு மாலை, வாழைக்கன்று, சந்தனம், குங்குமம். நானே ஓட்டிப் போனேன். வண்டிகள் வரிசையாக நின்றன. நடுவில் என் இடம் காலியாக இருந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி லிங்கதுரையின் மச்சினன் வண்டி, மாலை போட்டுத் தயாராக. தம்பியும் வந்து கூட்டத்தில் நின்றான்.

லிங்கதுரை முதலில் பார்த்தது என் காலை.

"யக்கா, செருப்பு."

"தெரியுது."

"ஆயுத பூஜையும் அதுவுமா செருப்புக் காலோட வண்டியிலயா? ஸ்டாண்டுக்குன்னு ஒரு மொறை இருக்கு. கழத்திட்டு ஓட்டு. இல்லன்னா எடத்த விடு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர்கூட அவனை எதிர்த்துப் பேசவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மூன்று மாதத்துக்கு முன்னால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இறங்கினேன். வலது செருப்பைக் கழற்றினேன், இடது காலில் நின்றபடி. அதைத் துணியால் துடைத்தேன். வண்டி மூக்கில் வைத்திருந்த சந்தனத்தைத் தொட்டுச் செருப்பின் வாரில் ஒரு பொட்டு வைத்தேன். அதன் மேல் குங்குமம் வைத்தேன். மாலையிலிருந்து ஒரு சாமந்தியைப் பிய்த்துச் செருகினேன்.

"ஸ்பேனருக்குப் பொட்டு வச்சிருக்க, ஜாக்கிக்கு வச்சிருக்க, பஞ்சர் ஒட்டுற டப்பாவுக்கும் வச்சிருக்க" என்றேன். "இது இல்லாம எனக்குக் கால் இல்ல. கால் இல்லன்னா வண்டி இல்ல. இதும் என் ஆயுதந்தான். இல்லன்னு சொல்லுதவன் முன்னால வந்து சொல்லு."

ஒருவரும் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினேன்.

லிங்கதுரை கடைசியாக ஒன்றைப் பிடித்தான். "செருப்பு கெடக்கட்டும். வண்டி நிக்குமா? ஆட்டுக்காரன் இன்னைக்கும் சொல்லுதான்."

"ஆட்டுக்காரன் சொன்னது நெசம்" என்றேன். அதை அவன் எதிர்பார்க்கவில்லை. "எங்காலுக்குப் பிரேக்கு தெரியல. அதான் கைக்கு மாத்திட்டேன். ஆபீஸ்ல காட்டி எழுதி வாங்கியாச்சு. நீயும் பாக்கணும்னா, சுத்திப் போட வச்சிருக்கிற பூசணிக்காய எடுத்து என் எடத்துக் கோட்டுல வையி. ஒடைக்காத, அப்படியே வையி."

எட்வின் எடுத்து வைத்தான். டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஸ்டார்ட் செய்தேன். பழங்கள் நசுங்கி வண்டி கிளம்பியது. வேகத்தைக் கொஞ்சமும் குறைக்காமல் நேராகப் பூசணிக்காயை நோக்கி வண்டியை விட்டேன். தம்பி "யக்கா" என்றது கேட்டது. விரல்களை மடக்கினேன்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். டயருக்கும் பூசணிக்காய்க்கும் நடுவே என் கை நுழையும் இடைவெளி இருந்தது. பூசணிக்காயைத் தூக்கி லிங்கதுரை கையில் கொடுத்தேன். "இப்ப ஒடை" என்றேன். அவன்தான் செயலாளர், உடைத்தான். மச்சினன் வண்டி பின்வரிசைக்குப் போனது.

தம்பி வந்து பக்கத்தில் நின்றான். "பொட்டு அழியாம வச்சிரு யக்கா" என்றான். அவனையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய்வந்தேன். ஏறும்போது செருப்பைக் கழற்றப் போனான். வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். பாதத்தின் மேல் குங்குமம் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. புறங்கையால் ஆறின இடத்தைத் தொட்டேன். காலுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிந்தது. இந்தக் காலும் அந்தக் காலும் ஒரே சூடு. ஆயுதங்களுக்கெல்லாம் இன்று ஓய்வு. உள்ளே இருக்கிறவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பழக்கத்தில் கை பல் பிரஷ் இருந்த இடத்துக்குப் போனது. குங்குமத்தைத் தண்ணீரால் மட்டும் கழுவி, ஒற்றி எடுத்துவிட்டு, மற்றதை அவர்களிடம் விட்டுவிட்டேன்.

சர்க்கரை: 131.